பச்சைச் சேலையில் மாம்பழப் பட்டைகள்

1-6-2002, சனி

பெரிய பேரனுக்கு ரயில்வேயில் வேலை உறுதியாகிவிட்டது. மகள் வயிற்றுப் பேத்தி நர்ஸ் பரீட்சையில் முதல் வகுப்பு. கடைக்குட்டி கேரம் ஆடி ஜெயித்த கோப்பை டிவி மேல் இருக்கிறது. எல்லாருக்கும் மேலே என் மகன் பெண் ருக்கு. ஐந்தாவதோடு படிப்பை நிறுத்திய எனக்கு இன்ஜினியர் பேத்தி! அல்சூர் ஏரிக்கரையில் நின்று கத்தலாம் போல இருக்கிறது.

இன்று ஆபீஸ் கேமராவை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். ஃபாக்டரியில் ஓடுகிற பாட்டில்களைப் படம் எடுத்து விரிசல் கண்டுபிடிக்குமாம். சோதித்துப் பார்க்க என்னை உட்காரச் சொன்னாள். படம் என்றால் சும்மாவா? மாம்பழக் கலர் பட்டுச் சேலையைக் கட்டி, ஸ்டூடியோவில் உட்காருவது போல விறைப்பாக உட்கார்ந்தேன். அசையவே இல்லை. ஒரு குறை இல்லாத படம்.

8-6-2002, சனி

மறுபடி அதே பட்டு. மறுபடி அருமையான படம்.

12-6-2002, புதன்

ருக்கு முகம் வாடி வந்தாள். ஆபீஸில் பாட்டில் படங்கள் கோடு கோடாக வருகின்றனவாம். இருபதாம் தேதி ஜெர்மனிக்காரர்கள் வருகிறார்கள். சரியானால் இவளே அங்கே போய் மெஷினைப் பொருத்துவாள். இல்லையென்றால் வேலை வேறு ஆளுக்கு. அவள் மேலதிகாரி டென்சில், "உங்க ஆயாவுக்கு மட்டும்தான் படம் ஒழுங்கா வரும்னா, அவங்களையே பாட்டில் ஓடுற பெல்ட்ல உக்கார வெச்சிடலாம்" என்றாராம். சிரிப்பை அடக்கிக்கொண்டேன். மனசுக்குள் — எல்லாம் என் முகராசி!

15-6-2002, சனி

இன்றும் அதே பட்டில் உட்கார்ந்தேன். படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே பட்டின் மேல் காபியைக் கொட்டிக்கொண்டேன். ஐயோ என் பட்டு! உள்ளே ஓடி, பச்சை நூல் சேலை கட்டி வந்து உட்கார்ந்தேன். திரையைப் பார்த்தால் — பச்சைச் சேலையில் அங்கங்கே மாம்பழப் பட்டு, பட்டை பட்டையாக! அவிழ்த்துப் போட்டது எப்படித் திரும்பி வந்தது? பேயா?

ருக்கு குதித்தாள். "ஆயா! ஒரே சேலைய கட்டிக்கிட்டு செலையாட்டம் உக்காந்தே பாரு, அதான் இத்தினி நாள் தெரியல! பழைய படமும் புதுப் படமும் ஒரே மாதிரி! பாட்டில் ஓடிட்டே இருக்கும், அதான் அங்க கோடு!"

"நான் என்னடி பண்ணேன்?"

"படம் ரொம்பப் பெருசு ஆயா. மெஷினோட மூளை, அந்த ப்ராசஸரே அத தூக்கிட்டிருந்தா வேற வேலை ஓடாது. அதுக்குத்தான் டிஎம்ஏன்னு தனியா ஒரு கூலியாள். எங்கேருந்து, எங்க, எவ்ளோன்னு சொல்லிட்டா, அதுவே நேரா மெமரில கொண்டுபோய் வெச்சிடும். பால்காரர் வாசல்ல பாக்கெட் வெச்சிட்டுப் போற மாதிரி. அம்மா அத பாக்காம ஃப்ரிட்ஜ்ல இருக்கிற நேத்துப் பால ஊத்துனா?"

"நல்லா வாங்கிக் கட்டிப்பா."

"ப்ராசஸரும் அதத்தான் பண்ணுது. கைகிட்ட வெச்சிருந்த பழசையே அங்கங்க எடுத்துக்குது. பழச கொட்டிட்டுப் புதுச எடுன்னு நான் சொல்லவே இல்ல!"

உட்கார்ந்து புரோகிராமில் இரண்டு வரி எழுதினாள். பச்சையில் உட்கார்ந்தேன், பிறகு ஊதா, பிறகு மருமகளின் நைட்டி! ஆடினேன், நாக்கை நீட்டினேன். அப்படியே வந்தது, ஒரு பட்டை இல்லாமல்.

20-6-2002, வியாழன்

ஜெர்மனிக்காரர்களுக்குத் திருப்தி. டிக்கெட் ருக்குவுக்கு! தெரு முழுக்க மைசூர்பாக். பக்கத்து வீட்டு கோவிந்தப்பா, "ஏனம்மா விசேஷ?" என்று என்ன விசேஷம் எனக் கன்னடத்தில் கேட்டுவிட்டார், பாவம். அரை மணி நேரம் நான் அவரை விடவில்லை.

11-8-2002, ஞாயிறு

ஜெர்மனியிலிருந்து மூன்றாவது கவர். சுகமாக இருக்கிறாளாம். மூன்று கவரிலும் வந்த படங்களில் அதே நீல ஸ்வெட்டர், அதே சிரிப்பு. இது இந்த வாரத்துச் சிரிப்பா, போய் இறங்கிய அன்றைய சிரிப்பா? எனக்கு எப்படித் தெரியும்?

பதில் எழுதிவிட்டேன்: கண்ணு, வேறு கலர் ஸ்வெட்டர் போட்டு, புதுசாக ஒரு படம் எடுத்துத் தபாலில் அனுப்பு.