நிமிர்ந்து நின்றவர்

மார்ச் 10, திங்கள்

குக்கர் விசில் அடித்ததும் இவர் மேசைக்கடியில் போய்விட்டார். நானும் குனிந்து பக்கத்தில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் கழித்து, "சாவி விழுந்துச்சு, தேடறேன்" என்றார். சாவி ஆணியில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. நானும் தரையைத் தடவித் தேடினேன்.

நாளை ராணுவ மருத்துவக் குழு இவரைப் பரிசோதிக்கிறது. குண்டு வெடித்ததில் இடது காது போனதை ஏற்கெனவே ஒப்புக்கொண்டார்கள். இந்தப் பயமும் பணியால் வந்ததுதானா என்று முடிவு செய்ய வேண்டுமாம். ஆமென்றால் ஊன ஓய்வூதியத்தோடு மனநல சிகிச்சையும் கிடைக்கும்.

மார்ச் 11, செவ்வாய்

போகும் வழியில் ஒவ்வொரு ஹாரனுக்கும் இவர் என் தோளைப் பிடித்துக்கொண்டார். அறைக்குள் நுழைந்ததும் ஆளே மாறிவிட்டார். விறைப்பாக ஒரு சல்யூட்.

"தூக்கம் எப்படி?" என்றார் டாக்டர்.

"நல்லா வருது, சார்."

"பயம், பதற்றம் ஏதாவது?"

"எனக்கா? இல்லை, சார்."

நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். மறைக்காமல் எழுதுகிறேன்: இவர் தடுமாற வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். எந்தப் பெண்டாட்டி இப்படி வேண்டுவாள்? நிமிர்ந்து நின்றவரைப் பார்க்கப் பெருமையாகவும் இருந்தது. பெருமையும் ஆத்திரமும் ஒண்ணா வருமா என்ன?

வெளியே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தார்.

மார்ச் 12, புதன்

நாத்தனார் வந்து தம்பியைப் பிடித்து உலுக்கிவிட்டார். "உள்ளதைச் சொல்றதுக்கு என்னடா? பிச்சையா கேக்கறே?"

"பக்கத்துல நின்னவன் செத்துட்டான்க்கா. காது மட்டும் போன நான், எனக்குப் பயமா இருக்குன்னு போய் சொல்றதா?"

இத்தனை நாளில் என்னிடம் இதைச் சொன்னதே இல்லை.

ஏப்ரல் 2, புதன்

மறுத்துவிட்டார்கள். மேல்முறையீடு செய்யலாமாம். "விட்டுடு" என்கிறார் இவர்.

நான் வேலை பார்க்கும் கண்ணாடிக் கடையில் ஒருவருடைய லென்ஸை இன்னொருவர் ஃபிரேமில் மாட்டிக் கொடுத்துவிட்டேன். அந்த மனுஷர் வாசற்படியைத் தேடித் தேடி இறங்கினார். சிரித்தேனா, அழுதேனா தெரியவில்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு

இறந்துபோன கூட்டாளியின் மனைவி வந்திருந்தாள். எல்லாவற்றையும் சொல்லி வரச் சொன்னது நான்தான். சரியா செஞ்சேனா? அவளைப் பார்த்ததும் இவர் முகம் வெளுத்தது.

"அண்ணா, எனக்குக் குடும்ப ஓய்வூதியம் வருது. புருஷன் உயிரை வித்துத் திங்கறேன்னு நினைக்கறீங்களா?"

"ஐயோ, இல்லம்மா."

"அப்புறம் உங்களுக்கு மட்டும் ஏன் வேற நியாயம்? அவர் திரும்பி வந்து இப்படி மேசைக்கடியில உக்காந்திருந்தா, பக்கத்துலயே உக்காந்திருப்பேன். எனக்கு அதுக்குக்கூடக் கொடுத்து வைக்கலை."

இவர் தெருமுனை வரை அவளோடு நடந்துபோய் அனுப்பிவிட்டு வந்தார்.

ஏப்ரல் 7, திங்கள்

மேல்முறையீட்டில் கையெழுத்துப் போட்டார். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் அழித்துவிடுவாரோ?

மே 20, செவ்வாய்

மறுபடியும் குழு. மறுபடியும் அந்த சல்யூட்.

"தூக்கம்?"

இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "எனக்குச் சொல்ல வரலை, சார். இவ சொல்லட்டும்" என்றார்.

குக்கர் விசிலிலிருந்து ஆரம்பித்தேன். பட்டாசு வெடித்த நாள் மேசைக்கடியில் ஒளிந்தார் என்றேன். "அன்னைக்குக் கட்டிலுக்கடியில" என்று திருத்தினார். அப்புறம் மீதியை அவரே சொன்னார், தரையைப் பார்த்துக்கொண்டு. டாக்டர் எழுதிக்கொண்டே இருந்தார்.

ஜூன் 13, வெள்ளி

பணியால் வந்தது என்று ஒப்புக்கொண்டார்கள். நாத்தனார் போனில் அழுதார். இதுக்கு சந்தோஷப்படணுமா? அவருக்கு நோய் என்று அரசாங்கமே சொல்லியிருக்கிறது. சந்தோஷமாகத்தான் இருக்கிறது. என்ன பிறவியோ நான்.

ஜூன் 15, ஞாயிறு

மாடி வீட்டுக்காரர் பேரன் பிறந்தநாளுக்குக் கூப்பிட வந்தார், பாட்டுக் கச்சேரியெல்லாம் உண்டாம். ஏதாவது சாக்குச் சொல்லலாம் என்று நான் வாயைத் திறப்பதற்குள் இவர் முந்திக்கொண்டார்.

"சத்தம் எனக்கு ஆகாதுங்க. பட்டாளத்துல வந்த வியாதி. அவ வருவா. நான் நாளைக்கு வந்து குழந்தையைப் பார்க்கறேன்."

"அதுக்கென்ன, வாங்க" என்றார் அவர்.