வார்விக் டன் மறுபடியும் ஊருக்கு வந்தார்

அன்புள்ள ரோவனுக்கு, அம்மா எழுதுவது. தோள்வலி கொஞ்சம் குறைந்து, அந்தப் பக்கமாகவும் நீ புரண்டு படுக்க முடிகிறதென்றால் எனக்கு இப்போதைக்கு அதுவே போதும். இங்கே எல்லோரும் நன்றாக இருக்கிறோம். அப்பாவுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டிருக்கிறது, அதோடுதான் அறுவடை இயந்திரத்தில் ஏறி உட்காருகிறார், சொன்னால் கேட்டால்தானே. பயறு அறுக்கத் தொடங்கியாயிற்று, பார்லி இன்னும் முழுசாகக் காயவில்லை. உன் தங்கை ஜெம்மா அடிலெய்டிலிருந்து வந்து, ஒரு மூட்டை அழுக்குத் துணியைத் துவைத்து எடுத்துக்கொண்டு போனாள். ஃபுட்பால் கிளப் உன்னை விடுவித்துவிட்டதாக நீ செவ்வாய்க்கிழமை ஃபோனில் சொன்னபோது நான் சரி, சரி என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன், உனக்குக்கூட ஒருமாதிரி இருந்திருக்கும். வாயைத் திறந்தால் என்ன வருமோ என்று எனக்கே பயமாக இருந்தது. இப்போதும் கோபம் தணியவில்லை, ஆனால் எழுதும்போது வார்த்தையைப் பொறுக்கிப் போடலாம் இல்லையா.

புதன்கிழமை அப்பாவுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு வயலுக்குப் போனேன். இயந்திரத்துக்குள் ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு பேர் உட்கார்ந்துகொண்டு, கிளப்புகள் புதுப் பையன்களைத் தேர்ந்தெடுக்கும்போது நெட்டைப் பையன்களைப் பதினெட்டு வயதிலேயே முதல் சுற்றில் எடுக்கலாமா கூடாதா என்று விவாதம். ஒருத்தன் சொல்கிறான், "பந்துக்கு எம்பிக் குதிக்கிற ரக்மேனை மட்டும் சீக்கிரம் எடுக்கவே கூடாதுங்க, அவன் தேறி வர்றதுக்குள்ள கோச்சுக்கே வேலை போயிடும், ரோவன் ஹாக்கிங்கைப் பாருங்க, ஒரு நல்ல தேர்வு வீணாப் போச்சு." அப்பா ரேடியோவை அணைத்தார். சாண்ட்விச்சைப் பாதியில் வைத்துவிட்டு இயந்திரத்தை ஓட்டிக்கொண்டு போனார். நான் பயற்றுத் தாளுக்கு நடுவில் நின்று அந்த ரேடியோக்காரனைத் திட்டிய திட்டு, காக்கட்டூக் கிளிக் கூட்டமே கிளம்பிப் பறந்துவிட்டது. உன் பெயரை ஒரு பாடத்துக்கு உதாரணம் மாதிரி ஆக்கிவிட்டார்கள். சீக்கிரம் எடுக்கலாமா என்று வாய்கிழியப் பேசுகிறவர்கள், எடுத்தபிறகு காத்திருக்கத் துப்பு இருக்கிறதா என்று ஒருதரம்கூடக் கேட்கவில்லை.

கிளப்புக்குப் பையன்களைத் தேடி வந்த அந்த வார்விக் டன் அன்றைக்கு நம் வீட்டு மேசையில் உட்கார்ந்து ஆட்டுத்தொடை வறுவல் சாப்பிட்டதை நான் மறக்கவில்லை. குழம்பை இரண்டாவது முறை கேட்டு வாங்கி ஊற்றிக்கொண்டு, "நெட்டைப் பசங்க மெதுவாத்தான் தேறுவாங்க ரேலீன், எங்களுக்கு அவசரமே இல்ல, இருபத்திநாலு வயசு வரைக்கும் நாங்க காத்திருப்போம்" என்றார். நீ அப்போது கம்பு மாதிரி இருந்தாய். பெர்த்துக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள், மாவும் மாமிசமுமாகத் திணித்து எடையை ஏற்றினார்கள், உனக்கு முன்னால் இரண்டு பெரிய ஆட்களை நிறுத்திவைத்து உன்னை இரண்டாம் அணியிலேயே ஊறப்போட்டார்கள், வாராவாரம் தாடி வைத்த முரடன்களின் முழங்கால் உன் விலாவில் இறங்கியது. மூன்று வருஷம் முடியவில்லை, தோள் போய்விட்டது, இப்போது வேறு கிளப்பிலிருந்து பழுத்த ரக்மேன் ஒருவனை வாங்கிக்கொண்டு உன்னைக் கைகழுவிவிட்டார்கள். உனக்கு இருபத்தொன்றுதான் ஆகிறது. இருபத்திநாலு எங்கே போயிற்று?

இனி நடந்ததைக் கேள், வேறு யாராவது கூட்டிக் குறைத்துச் சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். சனிக்கிழமை டெப் பாஸ்கோ கூப்பிட்டாள். அவள் மகன் எல்லிஸ் இப்போது உன்னையும் தாண்டி வளர்ந்துவிட்டான், வாசற்படியில் குனிந்துதான் வருகிறான். "எல்லிஸைப் பாக்க வார்விக் டன் வர்றாராம் ரேலீன், எங்களுக்கு என்ன கேக்கணும்னே தெரியல, நீ கூட இரேன்" என்றாள். அப்பா போகவேண்டாம் என்றார். போனேன். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு வீட்டுக்கு ஒரு கேக்கைக்கூட எடுக்காமல் வெறுங்கையோடு போனேன். என்னைக் கண்டதும் அந்த மனுஷன் முகம் மாறியது, ஆனாலும் எழுந்து கைகொடுத்தார், ரோவனை நினைத்தால் மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது என்றார். பிறகு உட்கார்ந்து டெப்பைப் பார்த்து, "நெட்டைப் பசங்க மெதுவாத்தான் தேறுவாங்க" என்று ஆரம்பித்தார். மிச்சத்தை நானே சொல்லி முடித்தேன், அவசரமே இல்லை என்பதிலிருந்து இருபத்திநாலு வயது வரைக்கும், ஒரு வார்த்தை மாறாமல். டெப்பின் கையிலிருந்த தேநீர்க் கோப்பை அப்படியே நின்றுவிட்டது.

டன்னுக்குக் காதுவரை சிவந்துவிட்டது. "நான் உள்ளே சண்டை போட்டேங்க, கோச் மாறிட்டாரு, புதுசா வந்தவருக்கு வர்ற வருஷமே ஜெயிச்சாகணும்" என்றார். அவர் பொய் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை, அதனால்தான் கோபம் இன்னும் ஏறியது. "அப்ப வாக்குக் குடுக்குறது ஒருத்தர், காப்பாத்துறது இன்னொருத்தரா? அந்த இன்னொருத்தரையும் கூட்டிட்டு வந்து இந்த மேசையில உக்கார வைங்க" என்றேன். டெப்பின் கணவன் கிரேக்குக்குப் பொறுக்கவில்லை. "உன் பையன் தேறலைன்னா எங்க பையனும் தேறக்கூடாதா? வயித்தெரிச்சல்ல பேசாதே ரேலீன்" என்று மேசையைத் தட்டினான். எனக்கு எழுந்து போய்விடலாம் என்றுதான் இருந்தது. அப்போது எல்லிஸ், அதுவரை வாயே திறக்காதவன், டன்னிடம் கேட்டான், "என்னை எடுத்தா எனக்கு முன்னால யாரெல்லாம் இருப்பாங்க சார்?" அவர் ஒரு பெயர் சொன்னார், புதிதாக வாங்கிய அந்த ஆளின் பெயர். "அவருக்கு எத்தனை வருஷ ஒப்பந்தம்?" டன் ஜன்னல் பக்கம் பார்த்தார். "அப்ப நான் இந்த வருஷத் தேர்வுக்குப் பேர் குடுக்கலை. அடிலெய்டுல பெரியவங்களோட ஆடிப் பார்க்கிறேன், எலக்ட்ரீஷியன் வேலையும் கத்துக்கிறேன், வேணும்னா அப்புறம் வந்து எடுங்க" என்றான் பையன். கிரேக் கதவை அறைந்துகொண்டு கொட்டகைக்குப் போனான். அன்றிலிருந்து எங்களோடு பேச்சில்லை, தானியம் ஏற்றும் குழாயை இனி இரவல் தரமுடியாது என்று ஆள் அனுப்பிச் சொல்லிவிட்டான். அப்பா மூன்று ஊர் தள்ளிப் போய் வேறொன்று இரவல் வாங்கி வந்தார். ஊரில் பாதிப் பேர் நான் ஒரு பையனின் வாழ்க்கையைக் கெடுத்தேன் என்கிறார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். அவன் ஒரு கேள்வி கேட்டான், பதில் வரவில்லை, நடந்தது அவ்வளவுதான்.

நீ செய்யவேண்டியதைக் கேள். ஒப்பந்தம் இந்த மாதக் கடைசிவரை இருக்கிறது. அதற்குள் அவர்களுடைய டாக்டரே உன் தோளை அறுத்துச் சரிசெய்து தரவேண்டும், வாய்வார்த்தையை நம்பாதே, இந்தக் கடிதம் கிடைத்த அன்றே போய்த் தேதி வாங்கு. கூச்சப்படாதே, அவர்களுக்காக ஆடித்தான் அது போயிற்று. பிறகு அங்கேயே இருந்து ஆடினாலும் சரி, இங்கே வந்தாலும் சரி, பந்தையே இனி தொடமாட்டேன் என்றாலும் சரி. அந்தப் பெண் இமோஜெனை நான் கேட்டதாகச் சொல். ரொட்டியும் வெண்ணெயும் மட்டும் தின்றுகொண்டு கிடக்காதே.

உன் மேலும் எனக்குக் கோபம் இருக்கிறது ரோ. ஃபோனை வைக்கும்போது "மன்னிச்சிடும்மா" என்றாய். நான் சமையலறையில் நின்று அந்த ஒரு வார்த்தைக்கு அழுதேன், மற்ற எதற்கும் அழவில்லை. உன்னைத் தேர்ந்தெடுத்தது அவர்கள். வீணான தேர்வென்றால் அந்த வீணும் அவர்களுடையது. நீ பதினெட்டு வயதில் உயரமாக இருந்தாய், கூப்பிட்டார்கள், போனாய், சொன்னதையெல்லாம் செய்தாய். இதில் மன்னிப்புக் கேட்க ஆட்கள் இருக்கிறார்கள், அதில் நீ இல்லை. அந்த வார்த்தையை இனி என்னிடம் சொல்லாதே.

தோள் ஆறி, உடம்பு தேறி, நீ நிமிர்ந்து நடக்கவேண்டும் என்று அப்பாவும் நானும் நினைக்காத வேளை இல்லை. டாக்டரிடம் தேதி வாங்கியதும் எனக்குத் தெரிவி.

என்றும் உன் பக்கம் நிற்கும்,
அம்மா ரேலீன்