முதல் வாய்த் தண்ணீர்

சித்தையன்கோட்டை,
பிப்ரவரி 9, 2025

அன்பு மகள் புவனேஸ்வரிக்கு,

குடகனாறு அணை உடைந்து, ஊர் ஊராக வெள்ளம் அள்ளிக்கொண்டு போன வருஷம் நீ பிறந்தாய். செத்த மாடுகள் மரக்கிளையில் தொங்கின. நீ என் துண்டுக்குள் தூங்கிக்கொண்டிருந்தாய். அதனால் உன் வயசை யார் கேட்டாலும் நான் விரல் மடக்குவதில்லை, அணையைச் சொல்லிவிடுவேன். அந்தக் கணக்குப்படி பார்த்தால், பொங்கலுக்காவது அப்பாவுக்கு ஒரு வரி எழுதவேண்டும் என்று தெரிகிற வயசு உனக்கு வந்துவிட்டது.

செல்லில் பேசலாமே என்று மாப்பிள்ளை சொன்னாராம். வலது காது எனக்கு என்றைக்கோ போனது. இடது காதில் உன் குரல் தகரத்தில் ஆணி கீறுவதுபோல விழுகிறது. நீ எழுதினால் தையல்கடை முஹ்சினா அந்தக் காதுக்குப் பக்கத்தில் வந்து படித்துச் சொல்வாள். நான் சொல்லச் சொல்ல இதை எழுதுவதும் அவள்தான். எழுதி முடித்ததும் போட்டோ எடுத்து உனக்கு அனுப்பிவிடுகிறாள். தபால்காரன் பிழைப்பில் மண்தான்.

ஆத்தூர் அணையில் தண்ணீர் கிடக்கிறது. தென்னையில் வெள்ளை ஈ விழுந்துவிட்டது. முருங்கையை ஒட்டன்சத்திரத்துக்கு ஏற்றிவிட்டு, போன லாரியிலேயே திரும்பி வந்தேன். உடம்புக்குக் குறை ஒன்றும் இல்லை.

பேரன் அமெரிக்கக் கடற்படையில் முக்குளிக்கப் படிக்கிறான் என்று டீக்கடையில் சொன்னேன். "உங்க கிணத்துல வந்து குதிச்ச அந்த ஒல்லிப்பயலா?" என்று ஈஸ்வரன் கேட்டான். "கிணத்துல குதிச்சவன்தாண்டா கடல்ல குதிப்பான். நீ தொட்டில ஊறுனவன், உனக்கென்ன தெரியும்?" என்றேன். கடை சிரித்தது.

அஜித் சின்னப் பையனாக லீவுக்கு வந்தபோது நான் பழக்கிவிட்டது அவனுக்கு நினைவிருக்கிறதா? தண்ணீரில் இறங்குமுன் ஒரு வாய் அள்ளி, கொப்பளித்து, சூரியனைப் பார்த்துத் துப்பவேண்டும். முதல் வாய். கடலானாலும் அதை விடவேண்டாம் என்று சொல்.

உன் அப்பா,
நாச்சிமுத்து (கைநாட்டு)

(அக்கா, நான் முஹ்சினா. தபால்காரரைப் பற்றிச் சொன்னதை எழுதவேண்டாமே என்றேன். "எழுதுடி" என்றார்.)


கலிஃபோர்னியா,
பிப்ரவரி 23, 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கோபம் நியாயம்தான். பொங்கலன்று பானை வைத்தேன், உங்களை நினைத்தேன், எழுதவில்லை. மன்னித்துவிடுங்கள். இவர் நலமாக இருக்கிறார், உங்களை விசாரித்தார். வெள்ளை ஈக்கு வேப்பெண்ணெய் அடித்தீர்களா?

இதற்குக் கீழே இருப்பதை முஹ்சினா கடைக்கு உள்ளே வைத்துப் படிக்கட்டும், அப்பா. வாசலில் வேண்டாம்.

எங்கள் ஊருக்குத் தெற்கே மெக்சிகோ நாட்டு எல்லை. எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு பெரிய நகரம். அங்கே சுத்தம் செய்ய முடியாமல் மிஞ்சும் சாக்கடை ஓர் ஆற்றில் இறங்கி, எல்லையைத் தாண்டி, எங்கள் பக்கத்துக் கடலில் வந்து சேருகிறது. மழை பெய்தால் நாற்றத்தில் ஜன்னல் திறக்க முடியாது. கடற்கரையில் "தண்ணீரில் இறங்காதீர்கள்" என்று பலகை நட்டிருக்கிறார்கள். நாயைக்கூட அலையில் விடமாட்டார்கள். இரண்டு அரசாங்கமும் பேசுகின்றன. நாங்கள் இங்கே வந்ததிலிருந்து பேசிக்கொண்டே இருக்கின்றன. அந்தக் கடலில்தான், அந்தப் பலகைக்குக் கொஞ்சம் வடக்கே, அஜித்துக்குப் பயிற்சி.

போன ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தான். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. ஆசையாக ரசம் சோறு கேட்டான். இரண்டு வாய் சாப்பிட்டதும் எழுந்து ஓடினான். வாந்தி. வயிற்றுப்போக்கும் இருக்கிறது. "எப்பருந்துடா?" என்றேன். "எல்லாருக்குந்தாம்மா இருக்கு. சொன்னா வகுப்புல இருந்து எடுத்துருவாங்க. அடுத்த செட்டோட மொதல்ல இருந்து ஆரம்பிக்கணும்" என்கிறான். முகாம் டாக்டர் கேட்டால் நன்றாக இருக்கிறேன் என்கிறானாம். என் அலமாரியிலிருந்து வயிற்றைக் கட்டும் மாத்திரையை அள்ளிக்கொண்டு போய்விட்டான். அதைப் போட்டுக்கொண்டு மறுபடியும் கடலில் இறங்குகிறான்.

உங்கள் கடிதத்தைப் படித்துக்காட்டினேன். எத்தனையோ வாரத்துக்குப் பிறகு அப்போதுதான் சிரித்தான். "தாத்தாட்ட சொல்லும்மா, மொத வாய ஒருநாள்கூட விட்டதில்ல" என்றான். தினமும் விடிகாலையில் அந்தக் கடலில் ஒரு வாய் அள்ளிக் கொப்பளித்துத் துப்பிவிட்டுத்தான் இறங்குகிறானாம். இவனைப் பார்த்து, அதிர்ஷ்டம் என்று நினைத்து, கூடப் படிக்கிற மூன்று பையன்களும் அதையே செய்கிறார்களாம்.



முகாமுக்கு நானே போன் போட்டுச் சொல்லிவிடவா? சொன்னால் வீட்டுப் பக்கமே வரமாட்டேன் என்கிறான். அவன் அப்பா பேச்சையும் கேட்பதில்லை. நீங்கள் சொன்னால் கேட்பான். என்ன செய்யட்டும்?

அன்புடன்,
புவனா


சித்தையன்கோட்டை,
பிப்ரவரி 24, 2025

தாயி புவனேஸ்வரிக்கு,

முஹ்சினா உள்ளே வைத்துத்தான் படித்தாள். ஆனால் எனக்குக் கேட்கிற மாதிரி படித்தால் பஸ்ஸுக்கு நிற்கிற சனத்துக்கும் கேட்கும். சாயங்காலத்துக்குள் உன் மகன் வயிற்றுக்கு ஊரே வைத்தியம் சொல்லிவிட்டது. சுந்தரம்மாள் மாதுளம்பிஞ்சை அரைத்து மோரில் கலக்கிக் கொடுக்கச் சொல்கிறாள். "அமெரிக்காவுல மாதுளம்பிஞ்சுக்கு எங்க போவா?" என்று கேட்டால், "அப்ப அங்க என்னதான் இருக்கு?" என்கிறாள்.

முதல் காரியம், முதல் வாயை இன்றைக்கே நிறுத்தச் சொல். நான் சொன்னேன் என்று சொல். அந்த மூன்று பையன்களிடமும் சொல்லச் சொல்.

நான் அவனுக்குப் பாதியைத்தான் பழக்கியிருக்கிறேன். நம் தோட்டத்துக் கிணறு இளநீர் மாதிரி. மீதிப் பாதிக்கு அங்கே வேலை இல்லை. அதை இப்போது சொல்கிறேன், அவனுக்குப் படித்துக்காட்டு.

அணை உடைந்த வருஷத்துக்கு அடுத்த கோடை. வெள்ளத்தில் கிணறெல்லாம் மண் மூடிக் கிடந்தது. தூர் வார எங்களுக்குக் கை ஒழியாத வேலை. நாங்கள் நாலு பேர் ஒரு கூட்டு. நான், உன் தாய்மாமன் சேதுபதி, பாக்கியராஜ், இன்னொருவன். அந்த இன்னொருவனை நீயும் பார்த்திருக்கிறாய். ஊரே கரையேறி என்று கூப்பிடுமே, அவன்தான்.

எந்தக் கிணறானாலும் இறங்குமுன் ஒரு வாளி இறைத்து, ஆளுக்கு ஒரு வாய் கொப்பளித்துத் துப்புவோம். சாமிக்கு என்று வெளியே சொல்வது. உள்ளபடிக்கு அது தண்ணீரைப் பார்ப்பது. நாலு பேரில் ஒருவன் "வேணாம்" என்றால் நாலு பேரும் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு கிளம்பவேண்டும். ஏன் என்று கேட்கக்கூடாது, பயமா என்று சிரிக்கக்கூடாது. அதுதான் கூட்டுக்கட்டு.

திண்டுக்கல்லுக்குக் கிழக்கே ஒரு தோட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். ஊரெல்லைக்கு அந்தப் பக்கம் தோல் பதனிடுகிற இடம், தோல் ஷாப்பு. அதன் கழிவு எல்லை தாண்டி இந்தப் பக்கத்து ஓடையில் நின்றது. கேட்கப் போனால், "அது எங்க பஞ்சாயத்து இல்ல" என்று இரண்டு ஊரும் கைகாட்டும். தண்ணீருக்கு எந்தப் பஞ்சாயத்து என்று யாருக்குத் தெரியும்?

பாதிப் படியில் நின்று வாளி இறைத்தோம். துப்பினோம். எனக்கும் நாக்கு சுருங்கியது, ஆனால் வாய் திறக்கவில்லை. அந்த நாலாமவன்தான், "வேணாம் மாமா. நாறுது. ஏறிருவோம்" என்றான். தோட்டக்காரர் மேலே நின்று சிரித்தார். "நீங்க இல்லன்னா வடக்கத்தி ஆளுக காத்துக்கிட்டு இருக்காய்ங்க" என்றார். அந்த ஒரு சொல்லுக்காக நாங்கள் மூன்று பேரும் இறங்கினோம். சேற்றில் புதைந்த மோட்டார் குழாயை முக்குளித்து முக்குளித்து எடுத்தோம். அவன் மட்டும் கரையேறி நின்றான். கூலியும் வாங்கவில்லை. அன்று சாயங்காலமே பாக்கியராஜ் அவனுக்குக் கரையேறி என்று பேர் வைத்துவிட்டான்.

எனக்கு அந்த வாரமே வலது காதில் சீழ் கட்டியது. உன் அம்மா பூண்டு காய்ச்சிய எண்ணெய் ஊற்றினாள். சீழ் நின்றபோது சத்தமும் நின்றுபோனது. நீ முதன்முதலில் "அப்பா" என்று கூப்பிட்டது வலது பக்கம் நின்றாம். நான் திரும்பவில்லை என்று உன் அம்மா சொல்வாள்.

முகாமுக்கு நீ போன் போடாதே. அவன் வாயால் சொல்லட்டும். நீ முந்திக்கொண்டால், இனி எந்த நோவையும் உன்னிடம் சொல்லமாட்டான். ஆனால் ஒன்று. காதில் வலி என்று அவன் கை காதுக்குப் போனால், அவன் கோபத்தைப் பார்க்காதே. அந்த நிமிஷமே போடு.

அப்பா,
நாச்சிமுத்து (கைநாட்டு)


கலிஃபோர்னியா,
மார்ச் 16, 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

தாமதத்துக்குக் கோபிக்காதீர்கள். ஆஸ்பத்திரியும் வீடுமாக இருந்தேன். பயப்பட வேண்டாம், இப்போது எல்லாம் சரி.

அடுத்த ஞாயிறு அவன் வந்ததும் உங்கள் கடிதத்தைப் படித்தேன். காதைப் பற்றிய இடம் வந்தபோது சாப்பிடுவதை நிறுத்திவிட்டான். "தாத்தாவுக்கு வயசானதால கேக்கலன்னுல்ல நினைச்சேன்" என்றான். நானும் கிணறு வெட்ட வெடி வைத்த சத்தத்தில் போனது என்றுதான் இத்தனை வருஷமாக நினைத்திருந்தேன், அப்பா. நீங்களும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அன்று கிளம்பும்போது, ஷூவுக்குக் கயிறு கட்டக் குனிந்தவன், இடது காதைப் பொத்திக்கொண்டான். பார்த்துவிட்டேன். நான் போனை எடுத்தேன். "அம்மா, காலைல வரைக்கும் விடு. நானே சொல்றேன். சொல்லலன்னா நீயே போடு" என்றான். அவன் கண்ணைப் பார்த்து விட்டுவிட்டேன். அன்றைக்கு எனக்குத் தூக்கம் ஏது?

காலையில் எல்லோரும் கடலில் இறங்க வரிசையாக நின்றபோது, இவன் கரையிலேயே நின்றுவிட்டானாம். பயிற்சி கொடுப்பவர் வந்து, உனக்கு என்ன என்று கேட்டாராம். "தண்ணி சரியில்ல. எனக்கும் உடம்பு சரியில்ல. ரொம்ப நாளா" என்று இவன் சொல்ல, வரிசையில் யாரோ கேலியாகச் சத்தம் கொடுத்தார்களாம். ஆனால் முதல் வாய் எடுக்கிற அந்த மூன்று பையன்களில் இரண்டு பேர் திரும்பி வந்து இவன் பக்கத்தில் நின்றார்களாம்.

டாக்டர் பார்த்தார். குடலில் கிருமி. காதில் சீழ் பிடிக்க ஆரம்பித்திருக்கிறது. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் சவ்வு போயிருக்கும் என்றார். இப்போது லீவில் வீட்டில்தான் இருக்கிறான், சீழ் மருந்தில் வற்றிவிட்டது. கேட்கிறது. நான் சமையலறையில் முணுமுணுத்தால்கூட மாடியிலிருந்து பதில் சொல்கிறான்.

வகுப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள். கோடையில் புதுக் கூட்டத்தோடு முதலிலிருந்து தொடங்கவேண்டும். கொஞ்ச நாள் சுவரைப் பார்த்துக்கொண்டே கிடந்தான். அப்புறம் ஒரு மத்தியானம், "அம்மா, ரசம் இருக்கா?" என்று வந்தான். முழுசாகச் சாப்பிட்டான்.

கோடையிலும் அதே கடல்தானே என்று எனக்குப் பயம் போகவில்லை. "இறங்குறதுக்கு முன்னாடி அன்னன்னைக்குத் தண்ணிச் சோதனை எப்படி வந்துருக்குன்னு கேப்பேம்மா. கேக்க எனக்கு வெக்கம் இல்ல" என்கிறான். அவ்வளவுதான் என்னால் வாங்க முடிந்த வாக்கு.

ஒன்று கேட்கச் சொன்னான். கிணற்றில் இறங்காமல் நின்றாரே, அவர் உண்மையான பெயர் என்ன? உங்கள் கூட்டில் இப்போது யார் யார் இருக்கிறார்கள்? எனக்கு வெட்கமாகப் போய்விட்டது, அப்பா. சின்ன வயசில் நாங்களெல்லாம் அவர் பின்னாலேயே "கரையேறி, கரையேறி" என்று கத்திக்கொண்டு ஓடியிருக்கிறோம். அவருக்கு வேறு பெயர் இருக்கும் என்று ஒருநாளும் தோன்றியதில்லை.

அன்புடன்,
புவனா


சித்தையன்கோட்டை,
மார்ச் 19, 2025

என் தங்கமான மகளுக்கும், கரையில் நின்ற பேரனுக்கும்,

முஹ்சினா இந்தத் தடவை வாசலில் நின்றே கத்திப் படித்தாள். நான்தான் படிக்கச் சொன்னேன். பஸ்ஸுக்கு நின்றவர்கள் பஸ்ஸை விட்டுவிட்டுக் கேட்டார்கள். காது கேட்கிறது என்ற இடத்தில் சுந்தரம்மாள் கையெடுத்துக் கும்பிட்டாள். மாதுளம்பிஞ்சு இல்லாமலே குணமானதில் அவளுக்குக் கொஞ்சம் வருத்தம்.

அஜித்து, வகுப்பு போனால் போகிறது அப்பு. கடல் அங்கேயேதான் கிடக்கும்.

நேற்று ஆத்தூர் போனேன். கரையேறிக்கு அங்கேதான் பூந்தோட்டம். செண்டுப்பூ பறித்துக்கொண்டிருந்தான். ஊரில் எதிரே பார்த்தால் தலையை ஆட்டிக்கொள்வோமே தவிர, அந்தக் கிணற்றுக்குப் பிறகு அவன் வாசலை நான் மிதித்ததில்லை. என்னைப் பார்த்ததும், "ஏன் மாமா, வழி தெரிஞ்சுச்சா?" என்றான். உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டேன். உன் சங்கதியைச் சொன்னேன். பூக்கூடையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டான்.

"பய ஏறிட்டானா?"

"ஏறிட்டான்."

"கூட யாராச்சும் ஏறுனாய்ங்களா?"

"ரெண்டு பேரு."

வேலிப் பக்கம் திரும்பி நின்றுகொண்டான். பிறகு, "மாமா, டீ குடிப்பமா?" என்றான். குடித்தோம். கிளம்பும்போது ஒரு பை நிறையப் பூவைக் கொடுத்துவிட்டான். முஹ்சினா கடை வாசலில் சரம் சரமாகத் தொங்குகிறது.

நீ கேட்டதற்குப் பதில். சேதுபதிக்கு அந்தக் கிணற்றில் வந்த கால் புண் கடைசி வரை ஆறவில்லை. உன் அம்மா கல்யாணமாகிப் போன வருஷம் அவன் போய்ச் சேர்ந்தான். பாக்கியராஜ் கொடைரோடு ரயில்வே கேட்டில் லாரி மோதிப் போனான். எல்லாப் பழியையும் தண்ணீர் மேல் போட்டால் அது நியாயமாகாது. இறங்கின மூன்று பேரில் நான் இருக்கிறேன், ஒற்றைக் காதோடு. அந்த முதல் வாய் எனக்கும் கசந்தது என்று நேற்றுதான் அவனிடம் சொன்னேன்.

அவன் போன் நம்பரை முஹ்சினா மேலே ஓரத்தில் எழுதியிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை நானும் அவன் தோட்டத்தில் இருப்பேன். நீ கூப்பிடு. நீ சொல்வதை அவன் கேட்டு, எனக்குக் கத்திச் சொல்வான். அவனுக்கு இரண்டு காதும் பாம்புக் காது.

தாத்தா,
நாச்சிமுத்து (கைநாட்டு)

பி.கு.: போனை எடுத்ததும் கரையேறித் தாத்தா என்று கூப்பிட்டுவிடாதே. அவன் பெயர் சின்னக்கண்ணு.