ஆடாதோடை ஆவியும் என் முகமும்

அக்கா,

இன்று காலை ஸ்ரீரங்கத்தில் பஸ்ஸுக்கு நின்றபோது, பக்கத்து வேலியில் ஒருவர் ஆடாதோடையை வெட்டிக்கொண்டிருந்தார். அந்தக் கசப்பு வாசனை மூக்கில் ஏறியதும் உங்கள் துப்பட்டா ஞாபகம் வந்துவிட்டது. இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டேன்.

செயற்கை வைரக்கல்லுக்குப் பட்டை தீட்டி, அந்தத் தூசியில் கெட்டுப்போன நுரையீரலோடு எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தீர்கள். ஆடாதோடை இலைச் சாற்றை ஆவியாக்கி இழுத்தால் நுரையீரல் அழற்சி தணியுமா என்று பார்க்கும் சோதனை அது. பாதிப் பேருக்குச் சாறு, பாதிப் பேருக்கு வெறும் உப்புநீர். யாருக்கு எது என்று நர்ஸான எனக்கும் தெரியாது. வியாழன்தோறும் நீங்கள் குழாயில் ஊதுவீர்கள், நான் மூச்சின் அளவைக் குறித்துக்கொள்வேன். அளவு குறைந்தால் "பரவாயில்லக்கா" என்று வாய் சொல்லும், முகம் சொல்லாது. அதைக் கண்டுபிடித்தது நீங்கள்தான்.

ஒரு வியாழன் அளவு நன்றாக ஏறியது. நான் குதிக்காத குறைதான். நீங்களோ துப்பட்டா நுனியைத் திருகிக்கொண்டே இருந்தீர்கள்.

"கோவிச்சுக்காதீங்க சிஸ்டர். ஒரு வாரமா வீட்ல ஆடாதோடை இலைய கொதிக்கவெச்சு ஆவி புடிச்சேன். போன தடவ உங்க முகம் வாடிப்போச்சு, பாக்க முடியல."

வெளி மருந்து எதையாவது சேர்த்துக்கொண்டால் சோதனையிலிருந்து நீக்கிவிடுவார்கள். வாரந்தோறும் பெரிய டாக்டர் உங்களைப் பார்ப்பதும் அதோடு நின்றுபோகும். நான் பேனாவை மூடினேன்.

"நீங்க சொல்லல, நான் கேக்கல. விடுங்கக்கா."

"எழுதுங்க. இந்தக் கணக்க நம்பி நாளைக்கு இன்னொருத்தி இந்த மருந்த இழுப்பால்ல?"

எழுதினேன். நீக்கிவிட்டார்கள். அடுத்த மழைக்காலத்தில் நீங்கள் போய்விட்டீர்கள். சோதனையில் இருந்திருந்தால் பிழைத்திருப்பீர்கள் என்று சொல்ல மாட்டேன், அது யாருக்கும் தெரியாது. ஆனால் இன்னும் சில வியாழக்கிழமைகள் எனக்குக் கிடைத்திருக்கும். அதற்காக உங்கள் மேல் கோபம், என் மேல் அதைவிட அதிகம். நோயாளி மனம் நோகக்கூடாது என்று எங்களுக்குச் சொல்லித்தந்தார்கள். நர்ஸ் மனம் நோகக்கூடாது என்று ஒரு நோயாளி இலை கொதிக்க வைப்பாள் என்று யாரும் சொல்லித்தரவில்லை.

இப்போதெல்லாம் முகத்தை மறைப்பதில்லை அக்கா. நேற்று ஒரு பெரியவர் ஊதி முடித்துவிட்டு என்னையே பார்த்தார். "கம்மியா சிஸ்டர்?"

"ஆமாங்கய்யா, கம்மிதான். எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. அத நான் பாத்துக்குறேன், நீங்க அதுக்காக ஒண்ணும் செய்ய வேணாம்."