விசையைத் தொடாமல் வெடித்த துப்பாக்கி

4-1-1991, வெள்ளி.

காலையில் கேட்ட சத்தம் இன்னும் காதை விட்டுப் போகவில்லை. மலையடித் தோப்பில் பன்றி விரட்டப் போயிருந்தோம். ரைஃபிளின் விசையைப் பூட்டிவைக்கும் சேஃப்டியை இவர் தள்ளித் திறந்ததுமே அது வெடித்துவிட்டது. துப்பாக்கி வாயை எப்போதும் தரைப் பக்கமாகவே பிடிப்பார். குண்டு, முன்னால் போன என் கொழுந்தனின் குதிகாலுக்குப் பக்கத்தில் வரப்புக்குள் இறங்கியது.

"டிரிக்கரத் தொடவே இல்லடா," என்றார் இவர்.

"வெரல் படாம எப்படிண்ணே வெடிக்கும்? பட்டாளத்துல நான் பாக்காத துப்பாக்கியா? இனிமே ஒங்கூட வரமாட்டேன்," என்று அவன் போய்விட்டான். எனக்கும் அவன் சொன்னதே சரியென்று பட்டது.

மத்தியான வெயிலில் தோட்டாக்களை எடுத்துவிட்டுப் பலமுறை சோதித்தோம். ஒருமுறைகூட அது தானாக அடிக்கவில்லை. இவர் அதன்பின் சரியாகச் சாப்பிடவும் இல்லை.

சாயங்காலம் தலை வாரும்போதுதான் எனக்குத் தோன்றியது. காலையில் தேங்காய் எண்ணெய் பாட்டிலில் உறைந்து கிடந்தது; குச்சியால் நோண்டி எடுத்தேன். இப்போது தண்ணீராய் ஓடுகிறது. நேற்று இதே எண்ணெயைத்தான் இவர் விசைக்குள்ளும் விட்டார்; காலையில் கிளம்பும்போது சேஃப்டி போட்டபடியே விசையை அழுத்தியும் பார்த்தார். பனியில் அதுவும் உறைந்து, அழுத்திய விசையைத் திரும்பவிடாமல் பிடித்துக்கொண்டு, சேஃப்டியைத் திறந்ததும் வெடிக்கவிட்டிருக்குமோ?

தோட்டா இல்லாத துப்பாக்கியையும் பாட்டிலையும் ஜன்னலோரம் வைத்திருக்கிறேன். தோட்டாக்கள் பீரோவில்; சாவி என் தலையணைக்கடியில்.

"நீயாச்சும் நம்புதியா?" இதை எழுதும்போதே படுக்கையிலிருந்து கேட்டார்.

"எண்ணெ உறையட்டும். பொறவு சொல்லுதேன்," என்றேன்.