படத்துக்குப் பூசின திருநீறு

பிள்ளையார் துணை

இல்ஃபோர்ட்
17.10.1993

அன்புள்ள அண்ணைக்கு, தங்கச்சி தவநாயகி எழுதுறது. அம்மாளாச்சி புண்ணியத்திலை நானும் நளாயினியும் இஞ்சை சுகம். உங்கடை முழங்கால் நோ குறைஞ்சுதோ?

நளாயினியின்ரை படிப்பை நிப்பாட்டச் சொல்லி மாப்பிள்ளை பகுதி கேக்கினம் எண்டு எழுதியிருந்தியள். முதல் இதைக் கேளுங்கோ. உங்கடை மகள் போன கிழமை பெரிய மண்டபத்திலை, வெள்ளைக்காரருக்கு முன்னாலை பேசினவள். நூறு வருசத்துக்கு முந்திப் பாலிலையும் தேயிலையிலையும் என்ன கலப்படம் எண்டு சோதிச்சுக் கண்டுபிடிச்ச ஒரு ரசாயன விஞ்ஞானியைப் பற்றி. ஒரு இடத்திலையும் தடக்கேல்லை. சனம் எழும்பி நிண்டு கைதட்டிச்சுது. எனக்கு நெஞ்சு நிறைஞ்சு போச்சு.

மேசையிலை அந்த மனுசன்ரை படம் இருந்தது. செத்தவரெல்லோ எண்டு நான் போய்த் திருநீறு பூசிப்போட்டன். "ஐயோ மாமி" எண்டு நளாயினி ஓடி வந்தாள். பயப்படாதேங்கோ, ஒருதரும் ஏசேல்லை. படத்திலை இருந்தவரின்ரை பேத்தியாம், ஒரு வயசான மனுசி, தன்ரை நெத்தியையும் காட்டினா. பூசிவிட்டன். அவ சொன்னதை நளாயினிதான் தமிழிலை சொன்னாள்: "அப்பம்மான்ரை படத்தை ஒருதரும் வைக்கேல்லை. ஏழு பிள்ளையளையும் வளத்துக்கொண்டு, அவருக்குச் சோதிக்கிற போத்தில் கழுவிக் குடுத்தது அவதான்."

சண்டை ஓய்ஞ்சு பாதை திறந்தால் ஆரிட்டையும் மோர்மிளகாய் குடுத்துவிடுங்கோ. பிள்ளை படிக்கப் போனால் நான் தனியத்தான் சாப்பிடுறன், வாய்க்கு ஒண்டும் பிடிக்குதில்லை.

கோயிலுக்கு பஸ் வரப்போகுது. அண்ணை, அவள் படிக்கட்டும். போத்தில் கழுவ ஏலுமோ எண்டு அந்த மாப்பிள்ளைப் பொடியனைக் கேளுங்கோ. ஓம் எண்டால் நாள் பாப்பம்.

தங்கச்சி
தவநாயகி