மாவு டப்பாவில் பேட்டரி ஒயர்

அன்புத் தம்பி விட்டோல்டுக்கு, அக்கா போஷெனா எழுதுவது. ஜெர்மனியில் நீயும் பிள்ளைகளும் சுகந்தானே? இங்கே செர்ரி காய்த்துக் குலுங்குகிறது, பறிக்கத்தான் மனசில்லை. எனக்குப் பயமாக இருக்கிறதடா.

உன் அத்தான் லுத்விக், நம் பழைய சிரேனா காருக்குத் தானே புது ஒயரிங் போடுகிறார். ஈஸ்டரன்று நடந்தது உனக்குத் தெரியுமே. எலி கடித்த ஒயர் பற்றிக்கொண்டு உள்ளே ஒரே புகை. பின்சீட்டில் பேத்தி யகோதா. வெளியே இழுத்துப் போட்டபோது பிள்ளை இருமிய இருமல் இன்னும் என் காதில் இருக்கிறது.

புது ஒயர் ஒவ்வொன்றும் ஒரு நிறம். எலக்ட்ரீஷியன் உனக்கு நான் சொல்ல வேண்டுமா? போன வாரம் ஷெட்டிலிருந்து கூப்பிட்டு, "போஷெனா, இது சிவப்பா பழுப்பா? கண்ணாடிய எங்கயோ வெச்சுட்டேன்" என்றார். கண்ணாடி அவர் மூக்கின் மேலேயே இருந்தது. கையிலிருந்தது பச்சை ஒயர். டாக்டரிடம் போகலாம் என்றேன். "எனக்கென்ன கேடு? முதல்ல உன் வாயக் கொண்டுபோய்க் காட்டு" என்று எரிந்து விழுந்தார்.

வரும் ஞாயிறு கோயில் வாசலில் பாதிரியார் வண்டிகளுக்குத் தீர்த்தம் தெளிக்கிறார். யகோதாவை முன்சீட்டில் வைத்துக் கூட்டிப்போவதாக இவர் வாக்குக் கொடுத்துவிட்டார். அவள் காருக்குக் கட்ட ரிப்பன்கூட வாங்கிவிட்டாள்.

திட்டாதே, நான் பேட்டரி ஒயரைக் கழற்றி மாவு டப்பாவுக்குள் புதைத்துவிட்டேன். பக்கத்து வீட்டு கஸிக்தான் திருடினான் என்று இவர் ஒரே கூச்சல்.

இன்று தோட்டத்தில் முட்டைக்கோஸ் புழுவுக்குத் தூவ, ஏதோ நினைப்பில், "கொஞ்சம் மாவு எடுத்துட்டு வாங்க" என்று சொல்லித் தொலைத்தேன். சொன்ன பிறகுதான் உறைத்தது. ஓடினேன். சமையலறையில் அவர் அந்த ஒயரைக் கையில் வைத்துத் தடவிக்கொண்டு நின்றார். நான் கதவருகே நின்றது அவருக்குத் தெரியவில்லை. பிறகு அதைத் திரும்ப மாவுக்குள் அழுத்தி, மேலே நிரவிவிட்டு, மூடியைப் போட்டார்.

சாப்பாட்டு நேரத்தில் யகோதா போன் செய்தாள். "அந்தப் பாழாப்போன ஒயர் இன்னும் கிடைக்கலடா கண்ணு. இந்த ஞாயித்துக்கிழமை முடியாது போல" என்றார். சட்டைக் கையில் மாவு அப்படியே இருந்தது. நான் தட்டிவிடவில்லை.

இத்தனை நாளும் வண்டியை எடுத்துவிடுவாரோ என்று பயந்தேன். இப்போது அவரே பயப்படுகிறார் என்பதுதான் அதைவிடப் பெரிய பயம்.

உடனே புறப்பட்டு வா. செர்ரி தின்ன வந்ததாகச் சொல். கண்ணைப் பற்றி மூச்சு விடாதே. அவர் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்யும்போது, ஒவ்வொரு ஒயரின் நிறத்தையும் உனக்கு நீயே சொல்லிக்கொள்வதுபோல் வாய்விட்டுச் சொல்லு. அவர் யாரிடமும் கேட்க வேண்டாம்.

மாதா உன் வழிக்குத் துணையிருக்கட்டும்.

உன் அக்கா
போஷெனா